ஆறு கட்டைல இருந்து அஞ்சு கட்டைக்கு

எங்க பாட்டு டீச்சர் குடியாத்தத்துல இருந்து தினம் பஸ்ல வருவாங்க. கே.வி.குப்பம், லத்தேரி எல்லாம் தாண்டி காட்பாடில எறங்கும்போதே மொகமெல்லாம் வேர்த்திருக்கும், கைல ஒரு ஒயர்கூடை, அதுல டிபன் டப்பா, பக்கத்துல பழைய துண்டு சுத்துன சுருதிப்பெட்டி. ஸ்கூல் ஆர்மோனியம் வேற இருந்துச்சு, அதுல ஒரு கட்டை அமுக்குனா மேல வராது, டீச்சர் வாசிச்சிகினே கட்டவிரலால அத தூக்கி விடுவாங்க. பாட்டு நிக்கவே நிக்காது.

பாட்டு பீரியடுனா எங்களுக்கு வாரத்துக்கு ஒண்ணு, அதையும் பரீட்சை நேரத்துல கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிப்பாங்க. அப்பல்லாம் மதியம் சாப்ட்டதும் வேப்பமரத்தடிக்கு வர சொல்லுவாங்க. மாயாமாளவகௌளை ராகத்துல மொத பாடமா சரளி வரிசை, அப்புறம் மோகன ராகம். "இன்னிக்கி ம-வும் நி-யும் லீவுடி, மீதி அஞ்சு பேர் தான் வந்துகிறாங்க"னு சொல்லி தான் மோகனத்த ஆரம்பிச்சாங்க, இன்னி வரைக்கும் எனக்கு ச ரி க ப த மறக்கல.

நான் ஏழாவது படிக்கும்போது ப்ரேயர் பாடற கூட்டத்துல இருந்து என்னை எடுத்துட்டாங்க. பாட்டு டீச்சர் இல்ல, அவங்க லீவுல இருந்தப்ப பாத்துக்கினு இருந்த வேற ஒருத்தங்க. கொரல் தடியா இருக்குது, மேல போனா ஒடையுதுனு எல்லார் முன்னாடியும் சொல்லி வரிசைக்கு அனுப்பிட்டாங்க. வீட்ல நான் யார்கிட்டயும் சொல்லல, ஒரு வாரம் அசெம்ப்ளில வாயையே தொறக்கல.

டீச்சர் வந்ததும் மொத நாளே என்னை தேடி இருக்காங்க. மதியம் கூப்ட்டு ஆர்மோனியம் பக்கத்துல ஒக்கார வெச்சி, ஆறு கட்டைல (கட்டை நம்பர் கொறய கொறய சுருதி கீழ எறங்கும்) ச புடிச்சி பாடு கண்ணுன்னாங்க. பாடுனேன். மேல் ஸ்தாயிக்கு போவும்போது என் கழுத்துல ரெண்டு வெரல வெச்சி பாத்தாங்க, நரம்பு பொடச்சிகினு இருந்திருக்கு. ஒண்ணும் சொல்லல, எடது பக்கம் வெள்ளகட்டைக்கு, அஞ்சுக்கு நகந்தாங்க. இப்ப பாடுன்னாங்க. கொரல் தானா போச்சு! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் அசெம்ப்ளில தமிழ்த்தாய் வாழ்த்து அஞ்சு கட்டைல தான் ஆரம்பிச்சாங்க. நான் நாலாவதா நின்னேன். "அது ஆறுல தான வழக்கம்"னு யாரோ கேட்டதுக்கு, "பாடற புள்ளைக்கு ஏத்த மாதிரி சுருதி வெக்கறது தான் என் வேல, சுருதிக்காவ புள்ளைய வெளில அனுப்பறது இல்ல"ன்னாங்க. நான் பத்தாவது முடிக்கற வரைக்கும் ஸ்கூல்ல அஞ்சு தான். ஒரு புள்ளைக்காவ அத்தன பேர் பாடற சுருதிய மாத்துவாங்களா, இவங்க மாத்துனாங்க.

இழுத்து பாடுனா மட்டும் அவங்களுக்கு புடிக்காது. நகத்தால பெஞ்ச்ல தகிட தகிடனு மூணு மூணா தட்டிகினே இருப்பாங்க. 2021 டிசம்பர்ல தமிழ்த்தாய் வாழ்த்த மாநில பாடலா அறிவிச்சி, மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடினு அரசாணை வந்துச்சில்ல, அத படிச்சப்ப எனக்கு அந்த நக சத்தம் தான் காதுல கேட்டுச்சு. எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட மெட்டு சினிமாக்காரங்க சொத்து இல்ல, அசெம்ப்ளில நிக்கற நம்ம எல்லார் சொத்தும்னு அவங்க சொல்லுவாங்க.

போன வைகாசி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழால அவ்ளோ கூட்டத்துல அவங்கள பாத்துட்டேன். முடி முழுக்க வெளுத்து போச்சு, பேத்தி கைய புடிச்சிகினு நின்னாங்க. பேர் சொன்னேன், ஒடனே புரியல. "அஞ்சு கட்டை டீச்சர்"னேன். மேளச்சத்தத்துல கேட்டுச்சோ இல்லியோ, கிட்ட வந்து அதே மாதிரி ரெண்டு வெரல என் கழுத்துல வெச்சி, "இன்னாடி, இப்பவும் பாடறியா?"ன்னாங்க.

பாடறேன் டீச்சர். தினம் ராத்திரி என் பொண்ணுக்கு பாடறேன், இப்ப நாலரை கட்டைல.