சணல் கேள்வியில் ஒருமுறை விழுந்து எழும்பிய கதை

போன கிழமை பெறுபேறு வந்தது. வெளிவாரிப் பட்டத்தின் பொருளாதாரப் புவியியலில் பி. போன முறை என்னை விழுத்தியதும் இதே பாடம்தான், அதிலும் சணல் கைத்தொழிலுக்கும் தொழிலாளருக்கும் அரசு தரும் ஆதரவை மதிப்பிடச் சொன்ன அந்த ஒரு கேள்வி. எரிச்சல் என்னவென்றால், எனக்கு விசயம் தெரியும். 1855இல் கொல்கத்தாவுக்குக் கிட்ட ரிஷ்ராவில் வந்த முதல் சணல் ஆலை, 1947 பிரிவினையில் நல்ல சணல் வயல்கள் கிழக்கு வங்கத்தோடு போக ஆலைகள் இந்தியப் பக்கம் ஊக்ளி ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டன என்று இரண்டு பக்கம் வரலாறு எழுதினேன். அதற்குள் நேரம் போய்விட்டது.

திருத்தம் ரியூசனில் கிடைக்கவில்லை. காலபோக வெட்டு முடிந்து முற்றத்தில் சாக்கு அடுக்கும்போது நெல்லின் உத்தரவாத விலையைப் பற்றி அப்பாவிடம் அளந்துகொண்டிருந்தேன். "விலை ஏறினால் எனக்கு வரும், மூட்டை ஏத்துற பொடியனுக்கு என்ன வரும்?" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் பக்கத்தில் காசு யார் கையில் விழுகிறது என்று எழுதுங்கள். விவசாயி, ஆலை, தொழிலாளி. மூன்றையும் கலந்தால் புள்ளி போச்சு.

இந்தியாவைப் பற்றி நான் எழுதியது:

- இந்தியச் சணல் கழகம், 1971: ஆதார விலையில் கொள்வனவு. நம் நெல் சந்தைப்படுத்தல் சபை போல. விவசாயிக்கு.
- 1987 பொதியிடல் சட்டம்: அண்மைய ஆண்டுகளில் உணவுத் தானியம் 100 வீதம், சீனி 20 வீதம் சணல் சாக்கில். ஓடர் ஆலைக்கு, ஆலை ஓடினால்தான் தொழிலாளிக்கு வேலைநாள்.
- சணல் ஐகேர் என்ற பயிர்செய்கைத் திட்டம், 2015: நல்ல விதை, வரிசை விதைப்பு, தண்டை விரைவாக ஊறவைக்கும் நுண்ணுயிர்க் கலவை. இதுவும் விவசாயிக்கே.
- தேசிய சணல் சபை: ஆலைத் தொழிலாளரின் பெண்பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில். தொழிலாளி வீட்டுக்கு நேரே போவது.

பங்களாதேசத்தை விடவேண்டாம். 2002இல் ஆதம்ஜி ஆலை, 2020இல் மீதமிருந்த 25 அரச ஆலைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 25,000 நிரந்தரத் தொழிலாளரைப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். தொழிலாளி கைக்கு நேரே வந்த பெரிய காசு, வேலையை விட்டுப் போவதற்கான காசு. மதிப்பீடு என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். பரந்தனில் மூடிக் கிடக்கிற இரசாயனத் தொழிற்சாலையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் இந்த வரிதான் ஞாபகம் வரும், அதனால் மறக்கவும் இல்லை.

மற்றபடி:

- முன்னுரை 4 வரி. சணலின் பட்டப்பெயரான "பொன்னிழை" என்று தொடங்கவேண்டாம், எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
- ஆண்டு தடுமாறினால் விட்டுவிடுங்கள்.
- நான் விடிய 4 மணிக்கு எழும்பிப் படிக்கிற ஆள். இரவுப் படிப்பு எனக்குச் சரிவராது, உங்களுக்கு வந்தால் சந்தோசம்.

நோட்ஸ் கேட்டவர்களுக்குத் தருகிறேன். அதில் பாதி ரிஷ்ரா கதை, அந்தத் தாள்களை மட்டும் கழற்றிவிட்டுத்தான்.