கடலை மிட்டாய்க்கு எதற்கு லோன்?

வங்கிக்கு மொத்தம் பதினோரு தடவை போனேன். அதில் எட்டு வெட்டி அலைச்சல்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. மாமா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். கடலை வறுக்கும் ரோஸ்டர், தோல் நீக்கும் மெஷின், பாக்கெட் போடும் மெஷின், மூன்றும் சேர்த்து 8 லட்சம் ரூபாய். குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தரும் 35 சதவீத மானியத் திட்டத்தில் (PMFME) விண்ணப்பித்தேன். கைக்காசு 80,000, கடன் 7,20,000, அதில் பின்னால் கழியும் மானியம் 2,80,000. இணையத்தில் பதிந்தது, மாவட்டக் குழு பரிந்துரை செய்தது எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. அந்த வேகத்தைப் பார்த்து, தீபாவளிக்குப் புது மெஷினில் சரக்கு போடலாம் என்று கணக்குப் போட்டேன். பொங்கலும் போய்விட்டது.

முதல் தடங்கல் இனிஷியல். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பான் கார்டில் முன்னால் ஒரே எழுத்து. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே கிடையாது. குறு, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்று ஆதாரில் இருக்கிறபடி வந்துவிட்டது. "இதுல எந்த ஆள் நீங்க மேடம்?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். சிரிக்காமல்தான் கேட்டார். பான் கார்டைத் திருத்தி, புத்தகத்தில் பெயரை மாற்றி வர மூன்று வாரம். விண்ணப்பிக்கும் முன்னால் எல்லா அட்டையையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தப்பு முழுக்க என்னுடையது. திட்ட அறிக்கை எழுத ஒருவரிடம் 6,000 ரூபாய் கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த வேலைக்கென்றே மாவட்ட வள நபர் என்று ஒருவரை அரசு வைத்திருக்கிறது. கடன் தேறினால் ஒரு விண்ணப்பத்துக்கு 20,000 வரை அவருக்கு அரசே கொடுக்கிறது. நாம் ஒரு பைசா தர வேண்டாம். என் 6,000 போனது போனதுதான்.

அந்த அறிக்கையைத்தான் சொல்ல வேண்டும். காசு வாங்கியவர் எங்கேயோ ஒரு சிக்கி (வடக்கத்திக் கடலை மிட்டாய்) கம்பெனிக்கு எழுதியதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். மூலப்பொருள் பட்டியலில் மூன்றாவது வரி: லிக்விட் குளுக்கோஸ் என்ற இனிப்புத் திரவம்.

எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 ஏப்ரலில். சுற்றுவட்டாரக் கரிசல் காட்டுக் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், இவைதான் அதற்குச் சொல்லப்பட்ட அடையாளம். மானியத் திட்டம் வந்தது அதே வருஷம் ஜூனில். இரண்டும் ஒரே அரசு. ஒரு கை ஊர்ப் பெயரைக் காப்பாற்றப் பட்டயம் தருகிறது, இன்னொரு கைக்காகத் தயாராகும் காகிதத்தில் குளுக்கோஸ் ஏறிவிடுகிறது. மாமாவிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அவர் இன்றைக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பார். "குளுக்கோஸ் ஆஸ்பத்திரியிலல்லவா ஏத்துவாங்க" என்றார்.

வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தால் செலவுக் கணக்கு மாறும், கணக்கு மாறினால் லாபக் கணக்கு மாறும், முழு அறிக்கையையும் திரும்பப் போட வேண்டும் என்றார் எழுதியவர். இன்னொரு 2,000 கேட்டார். கொடுக்கவில்லை. வள நபரைப் பிடித்தேன். அவர் இரண்டு சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வெல்லம், எத்தனை சிலிண்டர், யாருக்கு என்ன கூலி என்று கேட்டுக் கேட்டு புதிதாக எழுதினார்.

அதில் அவர் கண்டுபிடித்தது இன்னொன்று. பழைய அறிக்கையில் முதல் வருஷ விற்பனை 40 லட்சம் என்று இருந்தது. என்னிடம் இருந்ததோ வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டும் உணவுப் பாதுகாப்புப் பதிவு. நான் விண்ணப்பித்தபோது அது 12 லட்சத்துக்கு உட்பட்ட விற்பனைக்குத்தான் செல்லும், அதற்கு மேல் என்றால் மாநில உரிமம் வேண்டும். "இதை வங்கியில கவனிச்சா பொய்க் கணக்குன்னுதான் நினைப்பாங்கம்மா" என்றார். உண்மையான விற்பனையைப் போட்டோம். தொகை சின்னதாகத் தெரிந்தது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடிந்தது.

அடுத்தது பெரிய சண்டை. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கடலை மிட்டாய்க்கு எதுக்கு மேடம் லோன்? ஒரு சட்டி, ஒரு பலகை போதாதா?" என்றார். சரி, தெரியாமல் கேட்கிறார் என்று விட்டேன். அடுத்த தடவை வீட்டுப் பத்திரம் கேட்டார். அதற்கடுத்த தடவை, பத்திரம் இல்லாமல் கோப்பு மேலே போகாது என்றார்.

மாமா பத்திரத்தை எடுத்துக் கொடுக்கத் தயாராகிவிட்டார். அத்தைதான் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "மிட்டாயி உருட்ட மெஷினு வாங்குறதுக்கு வீட்ட எழுதிக் குடுப்பியளோ?" என்று மறித்தார். அந்த மறிப்புதான் காப்பாற்றியது. வள நபரிடம் கேட்டபோது தெளிவாகச் சொன்னார்: குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது அப்போதிருந்த ரிசர்வ் வங்கி விதி. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டத் தனியாகக் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது.

மறுநாள் போய் நான் சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "எந்த விதிப்படி பிணை கேட்கிறீர்கள் என்று இதில் எழுதிக் கொடுங்கள் சார், நான் மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் காட்டிக்கொள்கிறேன்" என்றேன். தாளைத் தொடவே இல்லை. மேலாளர் அறைக்குள் போய் வந்தார். பத்து நாளில் கடன் தேறிவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

இதற்குள் ரோஸ்டர் விலைப்புள்ளியின் கெடு முடிந்து 18,000 கூடிவிட்டது. அது என் கையிலிருந்துதான் போனது. விலைப்புள்ளி வாங்கும்போதே ஆறு மாதமாவது செல்லும்படி எழுதி வாங்குங்கள். பணம் நம் கைக்கு வராது, மெஷின் விற்பவருக்கு நேராகப் போய்விடும். மானியமும் அப்படித்தான். வங்கியிலேயே தனிக் கணக்கில் மூன்று வருஷம் கிடக்கும். தவணை ஒழுங்காகக் கட்டி, பட்டறையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். "மானியம் வந்துடுச்சாமே" என்று கடன் கேட்டு வந்த சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ரோஸ்டர் வந்த அன்று மாமா ஒரு பிடி கடலையை அள்ளி வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பிடி எடுத்தார். பாகு மட்டும் இன்னும் அவர் கையில்தான், அதற்கு எந்த மெஷினும் நான் கேட்கவில்லை.

அடுத்து, பாக்கெட்டில் புவிசார் குறியீட்டு முத்திரை போட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிய முன்பு 500 ரூபாய் கட்டணம், 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பத்து ரூபாய்தானே என்று உற்சாகமாக மாமா பெயரில் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஆதாரில் சுப்பையா. பட்டறையின் பழைய காகிதத்தில் சுப்பய்யா.