மில்லுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் வகுப்பு

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருப்பது ரயில் பெட்டிதான், சந்தேகமே இல்லை. தென்னை மட்டையும் கிழிந்த சாக்கும் அடைத்து, மேலே தகரம் போட்டு, ஊரே 'பழைய ஷெட்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் இல்லை, அடியில் இரும்புச் சட்டகமும் இல்லை. மர உடம்பு மட்டும் கருங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள பழைய தண்டவாளத்தில், ஓடிய நாலு சக்கர வண்டி.

மில்லுக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "அப்பா ரயில்வே ஏலத்துல எடுத்தது. அதுக்கு முன்னாடி லைன்ல வேலை பார்த்த ஆளுங்க இதுல தங்கியிருந்தாங்களாம்" என்றார். சரிதான். ஒரு மூலையில் பலகையெல்லாம் கரி. அடுப்பு எரித்திருக்கிறார்கள்.

மில்லை விற்கப் போகிறார்களாம். பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து, சட்டத்தை நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அசல் பர்மா தேக்கு. அவர் கைக்குப் போனால் கதவு நிலையாகவும் ஊஞ்சல் பலகையாகவும் பிரிந்து ஊர் ஊராகப் போய்விடும்.

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு

சித்தப்பாவுக்குப் படங்கள் அனுப்பினேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிப் பகுதியில் தச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்தே நிமிடத்தில் போன். "டேய், கதவுச் சட்டத்தைக் கிட்டப் போய் எடு. இது பொன்மலைக்கு முந்தின சரக்கு மாதிரி இருக்கு." தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது, 1920களின் கடைசியில்தான் பொன்மலைக்கு வந்தது. பெட்டி அதற்கும் முந்தியது என்பது அவர் ஊகம். ஊகமாகவே எழுதி வைக்கிறேன்.

வியாபாரி சொன்ன விலைக்கு அண்ணாச்சி எங்களுக்கே தர ஒப்புக்கொண்டார். நானும் நண்பர்கள் மூவரும் பங்கு போட்டோம். மரத்தின் விலைதான்; அது ரயில் பெட்டி என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம்.

'இதைப் போய் எதற்கு?' என்று வீட்டில் கேட்டார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் 1875-76ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அவருக்கென்று செய்த சலூன், அதாவது சொகுசு ரயில் பெட்டி, இருக்கிறது. மைசூரில் மகாராணியின் சலூன் இருக்கிறது. தந்தமும் தங்கமும் இழைத்ததைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வருவதில்லை. என் தாத்தா பாட்டி பலகை பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போன பெட்டிகளோ ஆயிரக்கணக்கில் இருந்தவை. பெரம்பூரில் 1955ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) தொடங்கி இரும்புப் பெட்டி வர வர, மரப்பெட்டியெல்லாம் உதவாது என்று கழிக்கப்பட்டு விறகாகவும் ஷெட்டாகவும் போய்விட்டன. ராஜா உட்கார்ந்ததைப் பார்க்க இடம் இருக்கிறது. நாம் உட்கார்ந்ததைப் பார்க்க எங்கே போவது? இதைச் சொன்னதும், "அதுக்காக நம்ம வீட்டுக் கொல்லையிலயா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

2023 செப்டம்பர் 2, சனி

இன்று தூக்கினோம்.

மரப்பெட்டியைத் தூக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடும் காலத்தில் பாரத்தைத் தாங்கியது கீழே இருந்த இரும்புச் சட்டகம். மேலே இருக்கும் மர உடம்பு அதன் மேல் போட்டு இறுக்கியதுதான். இப்போது இரும்பு இல்லை, அடிச்சட்டமோ மண்ணைத் தொட்டுத் தொட்டு இத்துப் போயிருக்கிறது. அப்படியே பெல்ட் போட்டுத் தூக்கினால் நடுவில் முறியும், அல்லது இரு பக்கச் சுவரும் உள்ளே மடங்கும். அதனால் வாரம் முழுக்க முட்டுக் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு கதவு வாயிலிலும் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம். உள்ளே சுவருக்குச் சுவர் மரக்கட்டை. அடியில் இரண்டு நீள இரும்பு கர்டர் செருகி, பெல்ட்டை அந்த கர்டரில்தான் மாட்டினோம். மேலே பெல்ட் கூரையை நெரிக்காமல் இருக்க அகலமாக ஒரு இரும்புக் குழாய்.

கிரேன் டிரைவர் தம்பி நிதானமானவர். தரையைவிட்டு ஒரு சாண் எழுந்ததும் நிறுத்தச் சொன்னார் சித்தப்பா. சுற்றி வந்து எல்லா மூட்டையும் தட்டிப் பார்த்தார். ஒரு மூட்டில் விரல் நுழையும் அளவு வாய் பிளந்திருந்தது. இறக்கி, அங்கே இன்னொரு முட்டு வைத்து, மறுபடி தூக்கினோம். அடியிலிருந்து ஒரு சாரையும் எலிக் குடும்பமும் வெளியே வந்தன. கூட்டம் அதற்குத்தான் அதிகம் கத்தியது.

லாரியில் வரும்போது செங்கோட்டை லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். புது அகலப் பாதையில் கொல்லம் பக்கம் போகிற வண்டி கடந்தது. 1904ல் போட்ட மலைப்பாதை. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018ல்தான் முழுப் பாதையும் திறந்தார்கள். அந்த மலைப்பாதையில் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தில் இந்தப் பெட்டி போயிருக்குமா என்று நண்பன் கேட்டான். போயிருக்கலாம் என்றேன். அதற்கு மேல் இழுத்தால் புளுகாகிவிடும்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

பெயின்ட் உரிக்கிறோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு கிடையாது. தீ காட்டுவதும் கிடையாது. ரிமூவர் தடவி, ஈரமாகவே பட்டைத்தகட்டால் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டுகிறோம். முகத்தில் மாஸ்க். பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. மேலே மில்லின் பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே காவிச் சிவப்பு.

கூரையில்தான் இன்றைய விருந்து. தகரத்தை எடுத்துவிட்டுப் பலகைகளைப் பார்த்தால், நடுக்கோட்டில் வட்ட வட்டமாக ஒட்டுப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டமும் ஒரு சாண் அகலம். சித்தப்பா பார்த்ததும் சிரித்துவிட்டார். எண்ணெய் விளக்கு இறக்கிய ஓட்டை! மின்சாரம் வருவதற்கு முன், பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில் விளக்குக்காரர் பெட்டியின் கூரை மேல் ஏறி நடந்து, மேலிருந்து ஒவ்வொரு ஓட்டையிலும் எரியும் விளக்கை இறக்குவார். மழையானாலும் அவர் ஏறித்தான் ஆக வேண்டும். பிறகு மின்விளக்கு வந்தபோது ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒயர் ஓடிய மரப்பட்டியும் இருக்கிறது. ஆக, இந்தப் பெட்டி எண்ணெய் விளக்குக் காலத்தில் பிறந்து மின்விளக்கைக் கண்டது. தேதி எழுதிய தகடு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வட்டங்களே போதும்.

இன்னொன்று. சட்டங்கள் சேருமிடத்தில், வெளியே தெரியாத முகத்தில், உளியால் வெட்டிய கோடுகள். நேர்கோடு, சாய்கோடு, குறுக்கே ஒன்று. ரோமன் எண்கள். எந்தத் தூண் எந்தத் துளையில் உட்கார வேண்டும் என்று தச்சர்கள் போட்டுக்கொண்ட அடையாளம். பென்சில் அழிந்துவிடும், உளிக்கோடு அழியாது. ஒரு தூணில் தப்பாக வெட்டி, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்ப வெட்டியிருக்கிறார் ஒருவர். "மேஸ்திரி கிட்ட வாங்கியிருப்பான்" என்றார் சித்தப்பா.

2023 நவம்பர் 19, ஞாயிறு

கரையான் கணக்குப் பார்த்தாயிற்று. தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியைத் தொடவே இல்லை. ஓரத்து வெள்ளைக் கட்டையை மட்டும் தின்றுவிட்டு, வைரம் வந்ததும் திரும்பிப் போயிருக்கிறது. பிற்காலத்தில் ரிப்பேர் செய்தவர்கள் போட்ட மட்ட மரம் மட்டும் மொத்தமாகக் காலி. அமுக்கினால் விரல் போகிறது.

தூண்களின் அடிப்பகுதி எட்டு, பத்து அங்குலம் இத்திருக்கிறது. உள்ளூர்த் தச்சர் அண்ணாச்சி முழுத் தூணையும் மாற்றிவிடலாம் என்கிறார், வேலை சுலபம். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டதை மட்டும் அறுத்து, சாய்வாக வெட்டி, புது மரத்தை அதே சாய்வில் ஒட்டிச் சேர்க்க வேண்டும் என்கிறார். சட்டம் ஓர் அங்குலத் தடிமன் என்றால் சாய்வு எட்டு அங்குலமாவது ஓட வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, சும்மா ஒட்டினால் பசை பிடிக்காது. புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோனில் துடைத்து உடனே ஒட்ட வேண்டும். நான் சித்தப்பா பக்கம். முழுத் தூணையும் மாற்றினால் அந்த உளிக்கோடுகள் போய்விடுமே!

ஸ்க்ரூ பிரச்சினை தனி. ஒற்றைக் கோடு போட்ட பித்தளை ஸ்க்ரூ வேண்டும். கடைகளில் எல்லாம் ப்ளஸ். கடைசியில் மதுரையில் ஒரு பழைய ஹார்டுவேர் கடையில், தூசி மூடிய டப்பாக்களில் கிடைத்தது. கடைக்காரருக்கே ஆச்சரியம்.

2023 டிசம்பர் 18, திங்கள்

நேற்றிலிருந்து விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ. பெய்திருக்கிறதாம். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது, உள்ளே நூற்றுக்கணக்கானோர். எங்கள் பெட்டி தகரக் கொட்டகைக்குள் காய்ந்த தரையில் இருக்கிறது. இன்று அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் போன் கிடைக்கவில்லை.

2024 ஜனவரி 28, ஞாயிறு

ஜன்னலுக்கு மாதிரி வேண்டியிருந்தது. எங்கள் பெட்டியில் ஒரே ஒரு மரச் சட்டர்தான் பாதி உடைந்து மிச்சம். அதனால் மேட்டுப்பாளையம் போய் நீலகிரி ரயிலின் பழைய பெட்டிகளைப் பார்த்து வந்தேன். அங்கே பல்சக்கரப் பாதையில் எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளுவதால் பெட்டியின் அமைப்பே வேறு. பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் நிற்க இடம் வேண்டும். ஆனாலும் ஜன்னல் பலகை காடியில் ஏறி இறங்கும் விதம், அடியில் மழைநீர் வழிய விட்ட சின்னத் துளை, கைவைக்கும் இடத்தில் மழுங்கடித்த விளிம்பு எல்லாம் பார்த்துப் படம் வரைந்துகொண்டேன். அந்தத் துளைதான் முக்கியம். எங்கள் பெட்டியில் அது அடைபட்ட ஜன்னல்களுக்குக் கீழேதான் சட்டம் அழுகியிருக்கிறது.

2024 மார்ச் 10, ஞாயிறு

சண்டை வந்தது, நண்பர்களுக்குள்தான். அடுப்புக் கரி மூலையை என்ன செய்வது? இருவருக்கு அதையும் சுத்தமாக இழைத்து, பாலிஷ் போட்டு, முதல் நாள் போலப் பளபளவென்று ஆக்க வேண்டும். குற்றாலம் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர் வேறு வந்து, ஏ.சி. போட்டுக் காபி ஷாப் ஆக்கினால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மாட்டேன் என்றேன். லைனில் வேலை பார்த்த கேங்மேன்கள் வெயிலில் கல் அள்ளிப் போட்டுவிட்டு வந்து கஞ்சி காய்ச்சிய இடம் அது. பயணிகள் உட்கார்ந்ததற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு இதற்கும். லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் 353ஆம் எண் பெட்டி ஒன்று உண்டு. 1892ல் செய்த முதல் வகுப்பு. கைமாறிக் கைமாறி, ஒரு காலத்தில் அதன் உடம்பு கடையாகக்கூட இருந்தது. 2013ல் லண்டன் சுரங்க ரயிலின் 150ஆம் ஆண்டுக்கு அதைப் புதுப்பித்து நீராவி எஞ்சினோடு ஓட்டினார்கள். அருமையான வேலை, பார்க்க ஆசைதான். ஆனால் அங்கே பணமும் இருந்தது, ஓட்டத் தண்டவாளமும் இருந்தது. இங்கே தண்டவாளத்தையே அகலமாக்கியாகிவிட்டது. ஓடப் போவதில்லை என்று ஆனபின், கடைசி நாள் கரியை அழித்து முதல் நாள் பளபளப்பைக் கொண்டுவந்து என்ன செய்ய?

சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: கதவுப் பக்கம் இரண்டு பங்கு பயணிகள் பெட்டியாக, பெஞ்சோடு. கரி மூலை அப்படியே, தூசி மட்டும் தட்டி. மில் போட்ட தடுப்பு போகட்டும். ரிசார்ட்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

2024 மே 5, ஞாயிறு

கூரை முடிந்தது. பலகை மேல் கித்தான் விரித்து, இழுத்து ஆணியடித்து, டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் கலந்த பெயின்ட் கோட் மேல் கோட். அந்தக் காலத்தில் ஒயிட் லெட் (ஈய வெள்ளை) குழைத்துப் பூசுவார்கள். அது விஷம், நாங்கள் தொடவில்லை. கத்திரி வெயில் தொடங்கிவிட்டதால் காய்வது வேகம். கொட்டகைக்குள் நிற்பவன்தான் வேகிறான்.

2024 ஜூன் 30, ஞாயிறு

பெஞ்சு வைத்தாயிற்று. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, முதுகு நேராக. சித்தப்பா உட்கார்ந்து பார்த்து, "வலிக்குது, சரியா இருக்கு" என்றார்.

மிச்சம் எழுத்துதான். வகுப்பை எப்படி எழுதுவது? இந்தியாவில் மூன்றாம் வகுப்பை 1974ல் எடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். மில்லுக்கார அண்ணாச்சியின் அப்பா இதை ஏலத்தில் எடுத்த ரசீது போன மாதம் கிடைத்தது, தேதி 1971. அதற்கும் முன்பே கேங்மேன் பெட்டி ஆகிவிட்டது. ஆக, இது இரண்டாம் வகுப்பாகப் பதவி உயர்வு பெறவே இல்லை. கதவில் மூன்றுதான்.

போர்டு எழுதும் அண்ணன் வந்து அளவெடுத்தார். பிளாஸ்டிக் பேனர் வந்தபின் பிரஷ் பிடிப்பவர் இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். ஆனி முகூர்த்தம் முடியட்டும், கல்யாண மண்டப வேலை இருக்கிறது, ஆடியில் சும்மாதான் இருப்பேன், வந்து எழுதித் தருகிறேன் என்றார். அட்வான்ஸ் ஐந்நூறு வாங்கிக்கொண்டார்.