சுளுக்கு என்று நினைத்து ஐந்து நாள்

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வாராவாரம் வாடகைக்கு எடுக்கும் பூப்பந்து மண்டபம், மூன்றாவது ஆட்டம். எதிராளி தூக்கிப் போட்ட பந்துக்காகப் பின்னால் போய் அடித்துவிட்டு, உடனே வலைப் பக்கம் ஓட வலது காலை ஊன்றி உந்தினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ மட்டையால் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. கோபமாகத் திரும்பினேன். பின்னால் ஆளே இல்லை, சுவர்தான். பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

கடுமையான வலி ஒரு நிமிடம்தான். அப்புறம் மந்தமாகிவிட்டது. எங்களை ஏமாற்றியது அதுதான். விரல்களை அசைக்க முடிந்தது, பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் முடிந்தது, நொண்டியபடியே கார் வரைக்கும் நடந்தேன். கூட ஆடும் அண்ணன் ஒருவர், “ஒன்னும் இல்ல தம்பி, சுளுக்குதான். நரம்பு ஏறியிருக்கும். ஒரு உருவு உருவுனா சரியாப் போயிடும்” என்றார். வீட்டில் அம்மா கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. கணுக்கால் சுளுக்கு என்று எழுதி, வலி மாத்திரையும் மூன்று நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். என் கெண்டைக்காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அறுந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள், சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். எண்ணெய் விட்டு மேலிருந்து கீழே மெதுவாக உருவிக்கொண்டே வந்தவரின் கட்டைவிரல், குதிகாலுக்கு மூன்று விரல் மேலே ஓர் இடத்தில் சட்டென்று உள்ளே இறங்கியது. கையை எடுத்துவிட்டார். இடது காலைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி வலது கால். “இங்க பள்ளமா இருக்குய்யா. இது என் வேலை இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். கொடுத்த காசையும் வாங்கவில்லை. அன்று அவர் ‘அமுக்கினால் சரியாகும்’ என்று மேலும் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு பாதமும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இடது கெண்டைக்காலைக் கையால் பிடித்து அமுக்கினார், பாதம் தானாகக் கீழே அசைந்தது. வலது காலை அமுக்கினார். பாதம் அப்படியே கிடந்தது. மறுபடி அமுக்கினார். அசையவில்லை. அவ்வளவுதான் சோதனை, பத்து விநாடி. தாம்ப்சன் சோதனை என்று பெயர். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் முழுதாக அறுந்திருந்தது. பெரும்பாலும் அது குதிகாலுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலேதான் அறுமாம். என் பள்ளமும் அங்கேதான்.

அப்படியென்றால் நான் எப்படி நடந்தேன்? கணுக்காலைச் சுற்றி ஓடும் மற்ற சிறிய தசைநாண்கள் பாதத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கும். நொண்டி நடக்க அது போதும். நுனிக்காலில் எழும்பத்தான் முடியாது. இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. மூளையிலிருந்து வருவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டுவதும் நரம்பு என்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நரம்பு ‘ஏறியது’ என்றால் இறக்கிவிடலாம் என்றுதானே தோன்றும்? அறுந்த கயிற்றை யாரும் உருவிச் சரிசெய்ய நினைக்க மாட்டார்கள்.

ஸ்டீராய்டு எடுத்திருக்கிறீர்களா, அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்டார். அந்த வகை மருந்து தசைநாணைப் பலவீனமாக்கலாம் என்று அமெரிக்காவில் 2008-லேயே கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொல்லிவிட்டார்களாம். நான் எதுவும் எடுக்கவில்லை. 41 வயது, வாரம் முழுக்க நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாய்ச்சல். இந்தக் காயத்துக்கு நான் பொருத்தமான ஆள்தான் என்றார்.

அடுத்தது அறுவை சிகிச்சையா, வேண்டாமா என்ற கேள்வி. வீட்டில் எல்லாரும் தைத்துவிடலாம் என்றார்கள். அறுந்ததைத் தைக்காமல் எப்படி ஒட்டும் என்ற அம்மாவின் கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துக்கொண்டு என் பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். திரையில் இரண்டு முனைகளும் நகர்ந்து வந்து தொட்டுக்கொண்டன. “இப்படியே வைத்திருந்தால் ஒட்டும்” என்றார். நார்வேயில் 500 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வைப் பற்றியும் விளக்கினார். தைத்தவர்களுக்கும் தைக்காதவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துக் காலின் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. தைக்காதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மறுபடி அறுந்தது; தைத்தவர்களில் அது ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கத்தி பட்டால் பக்கத்து நரம்பு (இது உண்மையான நரம்பு) பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, புண் ஆறுவது பற்றிய பயமும் இருந்தது. தைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். தினமும் பந்தயம் ஆடும் இருபது வயதுப் பையனாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

முழங்கால் வரை ஒரு பெரிய பூட்ஸ். உள்ளே குதிகாலுக்கு அடியில் நாலு ஆப்பு. தூங்கும்போதும் கழற்றக்கூடாது. முதல் இரண்டு வாரம் கால் தரையில் படவே கூடாது, ஊன்றுகோல்தான். அப்புறம் பூட்ஸோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை. நான்காம் வாரத்திலிருந்து ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், ராத்திரி என்றும் பாராமல் உடனே வரவேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள்.

பூட்ஸ் உயரம் என்பதால் இடுப்பு கோணி முதுகு வலி வந்தது. இடது காலுக்கு அடிப்பாகம் தடித்த சப்பாத்து போட்ட பிறகுதான் அது நின்றது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டாயம் வேண்டும். வலது கால் என்பதால் கார் ஓட்ட முடியாது. ஏழாம் வாரம் எல்ஆர்டி ரயிலில் மஸ்ஜித் ஜாமெக் வரைக்கும் போய் வேலையை ஆரம்பித்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யை இழுத்தார்கள். 2012 மே மாதம் தாமஸ் கிண்ணத்தில் கணுக்கால் கிழிந்தவர், ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கவில்லையா என்று. அவருக்குக் கிழிந்தது எலும்பையும் எலும்பையும் கட்டும் லிகமெண்ட். எனக்கு அறுந்தது தசையின் முழு இழுப்பையும் தாங்கும் தசைநாண். ரத்த ஓட்டம் குறைந்த இடம், ஆறவும் நாளாகும். சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

பத்தாம் வாரம் பூட்ஸைக் கழற்றினார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த அந்தச் சமயம்தான் ஆபத்தானதாம். மறுபடி அறுபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதத்துக்குள்தான் அறுகிறது. எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ (இயன்முறை மருத்துவர்) ஒரு தமிழ்ப் பெண். நான் காலை நீட்டி இழுத்துப் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பதறிவிட்டார். “நீட்டவே கூடாதுண்ணா. எலாஸ்டிக் தளர்ந்த காற்சட்டை மாதிரி ஆயிடும். அப்புறம் நீங்க எவ்வளவு பலம் ஏத்துனாலும் கால் உந்தாது.” தசைநாண் கொஞ்சம் நீளமாக ஒட்டிவிட்டாலே உந்துசக்தி போய்விடுமாம். இறுக்கமாக இருக்கிறதே என்று நான் கவலைப்பட்டது உண்மையில் நல்ல அறிகுறி.

அதன் பிறகு எல்லாமே குதிகால் உயர்த்தும் பயிற்சிதான். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு முதலில் இரண்டு காலில். பிறகு இரண்டு காலில் ஏறி ஒரு காலில் இறங்குவது. ஐந்தாம் மாதம் ஒற்றைக் காலில் முதல் முயற்சி. முழு பலத்தையும் போட்டேன், முகம் வேர்த்தது, குதிகால் எழும்பிவிட்டது என்றே நினைத்தேன். மனைவி மின்சாரக் கட்டணச் சீட்டைக் கொண்டுவந்து குதிகாலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. அன்றைக்கு அந்த மேடையில் தலை சாய்த்து அழுதேன். தினமும் காலையில் பசியாறுவதற்கு முன்பு அந்தச் சீட்டோடு நிற்பாள். இருபத்து மூன்றாம் நாள் சீட்டு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. அது இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

அம்மா பத்துமலைக்கு வேண்டியிருந்தார். தைப்பூசக் கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு புதன்கிழமை காலையில் போனோம். 272 படியும் ஏறியது பெரிதாகத் தெரியவில்லை. இறங்கும்போதுதான் கெண்டைக்கால் நடுங்கியது. கைப்பிடியை விடாமல், பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக வந்தேன்.

இப்போது பதினான்கு மாதம். இடது காலில் 25 முறை எழும்ப முடிகிறது, வலதில் 17. கெண்டைக்கால் சுற்றளவு இன்னும் 2 சென்டிமீட்டர் குறைவு. இடது காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வராமல் கோர்ட்டில் இறங்கக்கூடாது என்பது பிசியோவின் உத்தரவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் குதித்து இறங்கியவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாரோ தைலம் எடுக்க ஓடினார்கள். நான் அவனைப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்தேன். சப்பாத்தைக் கழற்றி, கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினேன். சுற்றி நின்ற ஒருவரும் பேசவில்லை.

பாதம் அசைந்தது.