எல்போவுக்குள் உடைந்து நின்ற நிப்பிள்

மூன்று நாளாக இழுத்த வேலை இன்று முடிந்தது. குளியலறைக் குழாயை மாற்றத்தான் ஆரம்பித்தேன். குழாய் கழன்றுவிட்டது, அது மாட்டியிருந்த அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள், அதாவது இரு முனையிலும் மரை வெட்டிய சின்ன பைப் துண்டு, அது மட்டும் சுவருக்குள் இருக்கும் எல்போவை (பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவு இணைப்பை) விட்டு வரவில்லை.

முதல் நாள் பைப் ரிஞ்சைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. டைல்ஸ் ஓரத்தில் சிமெண்ட் உதிர்ந்ததும் நிறுத்திவிட்டேன். எல்போ சேர்ந்து திரும்பிவிட்டால் சுவரையே உடைக்க வேண்டியதுதான். இரும்பு துருவாக மாறும்போது உப்பி அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் மரை இப்படி இறுகிக் கிடக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை அடித்து, சின்னச் சுத்தியால் சுற்றிலும் லேசாகத் தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.

மறுநாள் முதலில் ஒரு நூல் இறுக்கி, அப்புறம் தளர்த்தினேன். அசைந்தது! அடுத்த திருப்பில் மரை தொடங்கும் இடத்திலேயே முறிந்தது. பைப்பின் தடிமனே இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். மரை வெட்டியதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். மிச்சத்தைத் துரு தின்றிருந்தது.

இன்று ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாட்டியிருந்த துண்டை உள்பக்கமிருந்து நீளவாக்கில் அறுத்தேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முதலில் வெட்டு முழுக்கப் பளபளவென்று இருந்தது. பிறகு அதில் வரிவரியாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அவைதான் மரையின் பள்ளங்கள். அதற்கு மேல் அறுத்தால் எல்போவின் மரை போய்விடும். கொஞ்சம் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த பட்டையைச் சின்ன உளியால் உள்நோக்கித் தட்டி மடக்கினேன். இறுக்கம் விட்டுப்போய், மீதி வளையம் குறட்டுக்கு அப்படியே வந்தது. உள்ளே மரை முழுசாக இருந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

புதிதாகவும் ஜிஐ நிப்பிளே போட்டேன். பித்தளை துருப்பிடிக்காதுதான், ஆனால் ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு சீக்கிரம் அரிக்கும். சுவருக்குள் இருப்பது இரும்பு எல்போ. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வால்வைத் திறந்து தூளெல்லாம் போகத் தண்ணீர் விட்டு, நிப்பிளில் டெஃப்லான் டேப்பை இறுக்கும் திசையிலேயே சுற்றி மாட்டினேன். மூட்டுக்குக் கீழே வைத்த காகிதம் ஒரு மணி நேரம் கழித்தும் காய்ந்தே இருக்கிறது.