டேனரி பில்லிங் சாஃப்ட்வேர்: திருத்துவதா, முதலிலிருந்து எழுதுவதா?

ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற பழைய மொழியில் எழுதிய பில்லிங், அடியில் ஆக்சஸ் டேட்டாபேஸ். இதைத் திறந்து பார்க்கிற எந்த டெவலப்பரும் "தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாம் சார்" என்றுதான் சொல்வார். கோட் அசிங்கமாக இருப்பது ஒரு காரணமே இல்லை. நெட்ஸ்கேப் பிரவுசரை 1998-ல் அப்படி முதலிலிருந்து எழுத இறங்கி, 5-ஆம் பதிப்பு வெளிவராமலே போனது. 6 வந்தது 2000 நவம்பரில்.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கையில் உள்ள சோர்ஸ் கோடைக் கம்பைல் செய்தால், தினமும் ஓடுகிற அதே இஎக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்) வருகிறதா? இங்கே வரவில்லை. சிடியில் இருந்த கோட், ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரியோடு நின்றிருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்காகச் செய்த மாற்றம் எதுவும் அதில் இல்லை. எழுதினவரைத் தேடி வாலாஜா போனதற்குக் கிடைத்தது, "லேப்டாப்பை ஃபார்மட் பண்ணியாச்சுங்களே." சோர்ஸ் இருந்திருந்தால் வரி விகிதங்களை டேபிளுக்கு மாற்றி, ஆக்சஸின் எம்டிபி ஃபைல் 2 ஜிபி வரம்பைத் தொடும் முன் டேட்டாவை எஸ்க்யூஎல் சர்வருக்கு நகர்த்தினாலே போதும். இல்லாததால்தான் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

லாகின், பிரிண்ட் எல்லாம் சுலபம். உயிரை வாங்கியது ரவுண்ட் ஆஃப். சதுர அடியை விலையால் பெருக்கி 40,312.50 வந்தால் விபி6-ன் ரவுண்ட் ஃபங்ஷன் 40,312 தரும். சரிபாதி என்றால் இரட்டைப்படைப் பக்கம் போவது அதன் வழக்கம். அதே விபி6-ல் ஃபார்மட் ஃபங்ஷன் போட்டால் 40,313. புதியதை எழுதிய பிஎச்பி மொழியின் ரவுண்டும் 40,313. பழைய புரோகிராமில் எங்கே எது என்று தெரிய, ரவுண்ட் ஆகும் முன் 50 காசில் முடிகிற பில்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஒன்று கவனம்: வரித் தொகையில் 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்கிறது சிஜிஎஸ்டி சட்டம் 170-ஆம் பிரிவு. பழையது வரியைக் கீழே இறக்கியிருந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள், அதைக் காப்பியடிக்காதீர்கள். பழைய பில்களைப் புதுக் கணக்கில் ஓட்டவே கூடாது. அச்சான தொகையை அப்படியே ஏற்றுங்கள்.

பார்ட்டி பெயர்களில் பாமினியும் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய ஃபான்ட்) ஆங்கிலமும் டேபிளின் ஒரே நெடுவரிசையில் கலந்திருக்கும். பாமினியை யூனிகோடாக்கும் கன்வர்ட்டரை மொத்தமாக ஓட்டினால் ஆங்கிலப் பெயர்கள் குப்பையாகிவிடும்.

மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) தொகை பழையதிலும் புதியதிலும் பொருந்திய பிறகுதான் அக்கவுண்டன்ட் பழையதை மூட விட்டார். இஎக்ஸ்இயை அழிக்க வேண்டாம். விண்டோஸ் 11-லும் ஓடும், பழைய பில் பார்க்க ஆகும்.