எந்த ஊர், யாருடைய பிள்ளை?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஹேசல்டனில் நடந்த கூட்டத்தில் என் முறை வந்ததும் பெயரைச் சொல்லி, நில உரிமைக் கோரிக்கைகளுக்கு ஆலோசனை வழங்கும் குழுவின் தலைவி, ஒன்பது ஆண்டு அனுபவம் என்றேன். எதிரே இருந்த கிட்க்சான் பழங்குடி மூதாட்டி பொறுமையாகக் கேட்டார். "அது சரி, மகளே. நீ எந்த ஊர்? உன் அம்மா யார்?"

தொண்டை அடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஆச்சி கேட்கும் அதே கேள்வி! கனடாவில் எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். இலங்கை என்றதும் பேச்சு முடிந்துவிடும். அன்று அம்மாவின் ஊர், வளவின் பெயர் எல்லாம் சொன்னேன். அதன் பிறகே அவர் வேலைப் பேச்சுக்கு வந்தார். இப்போது என் குழுவில் யார் சேர்ந்தாலும், மடிக்கணினியைத் திறக்குமுன் தங்கள் ஊரைச் சொல்லச் சொல்கிறேன்.

கிட்க்சான் மக்களிடம் நிலம் 'வில்ப்' எனும் தாய்வழிக் குடும்பங்களுக்கு உரியது. 'அதாவுக்' எனும் குடும்ப வரலாறும் அதன் பாட்டும்தான் அவர்களுக்குக் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். தலைவரின் பெயரை ஏற்பவர் விருந்து மண்டபத்தில் சாட்சிகள் முன்னிலையில் ஏற்கிறார்.

நில உரிமைக்காக அவர்கள் தொடுத்த டெல்கமூக் வழக்கை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தம் குடும்பப் பாட்டைச் சாட்சியமாகப் பாட வந்தபோது, தம் காதுக்குப் பாட்டு ஏறாது, பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி. மூதாட்டி பாடினார். 374 நாள் நடந்த வழக்கு 1991இல் தோற்றது. வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1997இல்தான். அதற்குள் சாட்சி சொன்ன முதியோர் பலர் போய்விட்டார்கள். அவர்களுடைய பெற்றோர் காலத்திலோ, 1927 முதல் 1951 வரை, அரசு அனுமதியின்றி நிலக் கோரிக்கைக்குப் பணம் திரட்டுவதே குற்றம்.

எனக்கு இந்த நாடு பழகிவிட்டது. பனிக்கால டயரை நானே மாற்றுகிறேன், சால்மன் மீனில் தீயல் வைக்கிறேன், புளி மட்டும் ஊர்ப் புளியாக இருக்க வேண்டும். அம்மா வைத்த தீயலின் மணம் ஒழுங்கை முடக்கிலேயே வந்துவிடும்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியபோது அம்மா காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்தார். 1995 இடப்பெயர்வில் அதுவும் தொலைந்தது. அன்றிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில், தேவாரத்துக்குப் பிறகு, எல்லைகளைச் சொல்வார்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே மாமாவின் வேலி. சிறுமியாக இருந்த எனக்கு அது அழுகையாகத்தான் கேட்டது.

ஹேசல்டனிலிருந்து திரும்பிய இரவே தொலைபேசியில் அழைத்து, ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்டேன். "மேற்கே என்ன, அம்மா?"

"நாலு பனை. ஒன்று ஷெல் விழுந்து முறிந்துவிட்டது. ஆனால் நீ நாலு என்றே எழுது."